முழங்கால் மூட்டின் தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்று அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. நடக்க முடிகிறது, படி ஏற முடியவில்லை, தொடை மெலிந்திருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

சமதளத்தில் நடந்தால் மட்டும் தொடைக்கு வலு வராது. நடக்கும்போது நல்ல கால் பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். படியில் அது நடக்காது. உடல் எடை முழுவதையும் ஒரு முன்தொடையே தூக்கியாக வேண்டும்.

முதலில் வீக்கத்தைக் கவனியுங்கள். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை முன்தொடைத் தசையை முழுதாக இறுக்க நரம்புகளே விடாது. தினமும் காலையில் முட்டிச் சில்லின் நடுவே டேப்பால் சுற்றளவு எடுங்கள். பயிற்சிக்கு மறுநாள் ஒரு செ.மீ. கூடியிருந்தால் சுமை அதிகம் என்று பொருள். குறைத்துக்கொண்டு, 15 நிமிடம் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள்.

அடுத்து ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, முட்டியை நீட்டியபடி காலைத் தூக்குங்கள். முட்டி லேசாக மடங்கித் தொய்ந்தால் எடை தூக்க இன்னும் நேரம் வரவில்லை. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை உயர்த்தி முட்டியை முழுதாக நீட்டி 5 விநாடி பிடியுங்கள்: 10 முறை, 3 செட். முட்டி தரையில் படியவில்லை என்றால், சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கடியில் வைத்து, முட்டியைத் தொங்கவிட்டு 5 நிமிடம் இருங்கள். தூங்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது. மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிடும்.

இது சரியானதும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. பெரும்பாலானோர் தப்பு செய்வது இங்கேதான்: அறுவை செய்த காலைத் தம்மையறியாமல் முன்னே நீட்டி, நல்ல காலால் எழுந்துவிடுவார்கள். இரு குதிகாலும் ஒரே வரிசையில் இருக்கட்டும். உட்காரும்போது மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். 8 முதல் 10 முறை, 3 செட், ஒருநாள் விட்டு ஒருநாள். கடினமாக இருந்தால் இருக்கையில் மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எளிதானதும் மெத்தையை எடுத்துவிட்டு, அறுவை செய்த காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வையுங்கள்; பாரம் அதன்மேல் விழும்.

பிறகு படிப் பலகை. கைப்பிடி பக்கத்தில் 10 செ.மீ. உயரத்தில் தொடங்கி 15, 20 என்று போங்கள். அறுவை செய்த காலைப் பலகையில் வைத்து, கீழே இருக்கும் காலின் விரல்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு ஏறுங்கள். இல்லையென்றால் அந்தக் கால் உந்தித் தள்ளிவிடும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனம். ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் காலை உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் கருவி) செய்தால் ஒற்றைக் காலாகச் செய்யுங்கள், கடைசி இரண்டு முறை சிரமப்படும் அளவுக்கு எடை வைத்து. அறுவை மருத்துவர் தனியாகக் கட்டுப்பாடு ஏதும் சொல்லியிருந்தால் அதுவே முதல்.

பத்துக்கு நான்கு அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பினால். பயிற்சி நேரம் தவிர, வலு வரும்வரை அன்றாடம் படியில் ஏற நல்ல கால் முதலில், இறங்க அறுவை செய்த கால் முதலில். தொடைச் சுற்றளவு திரும்பப் பல மாதம் ஆகும். வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு அது திரும்புவதே இல்லை.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சல், தழும்பில் கசிவு, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.