குளக்கட்டா, வீட்டு முற்றமா?

கேள்வி: 2025 செப்டெம்பர் 7, போயா (பௌர்ணமி) இரவு, சந்திரன் சிவந்ததை எங்கள் வளவில் நின்றே பார்த்தோம். லண்டன் அண்ணா, அங்கே சந்திரன் எழும்பும்போதே சிவப்பு என்றார். டொரொன்டோவில் உள்ள தங்கைக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். ஏன் இப்படி? அடுத்த முழுக் கிரகணத்துக்கு இரணைமடுக் குளக்கட்டுக்குத்தான் போகவேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மாமியோ, கிரகண நேரம் வெளியில் இறங்கவே கூடாது என்கிறா. — வாசகி, துணுக்காய்

பதில்: மூன்று பேருக்கும் ஒரே கிரகணம்தான் தங்கச்சி, ஒரே நேரத்தில்தான். பூமியின் நிழல் சந்திரனில் விழும் வேளை யாருக்கு இரவோ, அவர்களுக்குத் தெரியும். இலங்கையில் எங்களுக்கு அன்று இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை முழுதாக மூடியிருந்தது, அதுவும் நடுவானில். லண்டனில் அப்போது பொழுதுபடும் நேரம். டொரொன்டோவில் மத்தியானம் திரும்பி இரண்டு மணி. தங்கை எங்கே போய்ச் சந்திரனைத் தேடுவா?

இங்கிருந்து தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கக்கூடிய அடுத்த முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. 8.37க்கு நிழல் விளிம்பைத் தொடும். 9.46இலிருந்து 10.58 வரை முழுமை. நிழல் விலகி முடிய 12.06 ஆகும். அதாவது புதுவருடம் பிறந்து ஊரெல்லாம் வெடி கொளுத்தும்போதும் சந்திரனின் ஓரத்தில் ஒரு சின்னக் கடி இருக்கும்! அண்ணாவுக்கு இந்த முறையும் மாலையில், கீழ்வானத்தில் தெரியும். தங்கைக்கு இந்த முறையும் பகல்தான்.

குளக்கட்டு வேண்டாம். சந்திரன் அடிவானத்தில் கிடந்தால்தான் திறந்த வெளி தேடிப் போகவேண்டும். அன்று முழுமையின்போது அது கிழக்குப் பக்கம் நன்றாக மேலே ஏறி நிற்கும். பனை, வேம்பு எதுவும் மறைக்காது. மார்கழியில் குளமும் நிறைந்து கிடக்கும், பாதை சேறாக இருக்கும், குளத்தடிப் பக்கம் யானை வேறு. முற்றத்தில் சாய்மனைக் கதிரையைப் போடுங்கள், லைட்டெல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கழுத்து நோகாமல் பார்க்கலாம்.

எனக்குள்ள ஒரே பயம் மாரி மழைதான். செப்டெம்பரில் வானம் பெரும்பாலும் தயவு காட்டும். டிசம்பர் கடைசியை நம்ப முடியாது. ஆனால் எல்லாமாக மூன்றரை மணித்தியாலம் இருக்கிறது. முகில் மூடினால் உள்ளே போய்ப் படுத்துவிடாதீர்கள், ஒரு விலகல் கட்டாயம் வரும் என்று காத்திருங்கள்.

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், கண்ணுக்கு ஒரு கெடுதியும் இல்லை. அதற்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடியெல்லாம் சூரிய கிரகணத்துக்கு. கர்ப்பிணிகளும் பார்க்கலாம், சமைத்த சாப்பாடும் பழுதாகாது. மாமியோடு சண்டைக்குப் போகவேண்டாம். எட்டரைக்கு முன்னம் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டால் அவவும் சந்தோஷம், நீங்களும் ஆறுதலாகப் பார்க்கலாம். அவவுக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.

கேள்வி: நிழல் என்றால் கறுப்புத்தானே? சந்திரன் ஏன் செம்புக் குடம் மாதிரிச் சிவக்கிறது? — மாணவன், முள்ளியவளை

பதில்: பூமிக்குக் காற்றுப் போர்வை இல்லாவிட்டால் நீர் சொல்வதுதான் நடக்கும் தம்பி, கறுத்தே போகும். சூரிய ஒளி அந்தக் காற்றின் ஊடாக வளைந்து நிழலுக்குள் நுழைகிறது. வழியில் நீலம் சிதறிவிட, சிவப்புத்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கணம் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ, எங்கெல்லாம் படுகிறதோ, அத்தனை இடத்து அந்திவெளிச்சமும் சேர்ந்துதான் சந்திரனில் விழுகிறது. எரிமலைத் தூசு வானில் நிறைந்திருந்தால் நிறம் இன்னும் கறுக்கும்.

ஒரு வேலை தருகிறேன். 2028இல் சந்திரனுக்குக் கொஞ்சம் தள்ளித் திருவாதிரை நட்சத்திரம் நிற்கும். அதுவும் செந்நிறந்தான். வேறு நாளென்றால் பௌர்ணமி வெளிச்சத்தில் எடுபடாது; அன்று முழுமையின்போது நன்றாகத் தெரியும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, எது கூடச் சிவப்பு என்று எழுதி அனுப்பும்.

கேள்வி: கைத்தொலைபேசியில் எடுத்தால் வெள்ளைப் பொட்டுத்தான் விழுகிறது. — வாசகர், மாங்குளம்

பதில்: திரையில் சந்திரனைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். முழுமையின்போது மாறாக, போனை மதிலில் அசையாமல் சாய்த்து வைத்து, இரவுப் பயன்முறையில் எடுக்கவேண்டும்.