கனடாவில் முதல் வண்டி: டர்போ பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியைச் சத்துவாச்சாரி வீட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். அம்மாவைப் பார்க்க லீவில் வந்திருக்கிறேன். அக்னி நட்சத்திரம், மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. நீ ஆட்டவாவில் இறங்கி இன்னும் ஒரு பனிக்காலம்கூடப் பார்க்கவில்லை. அதற்குள், "செவர்லே டிராக்ஸ் புது மாடல் எடுக்கலாமா அக்கா? 1.2 லிட்டர் டர்போ, மூணு சிலிண்டர்தான், பவர் பத்துமா? ஆல் வீல் டிரைவ் கிடையாதாம், பரவாயில்லையா? மைலேஜ் எப்படி? ஸ்கிரீன் பெருசா இருக்கு, எந்தக் கலர் எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், வீடு ஆட்டவா ஓரத்துக் கனாட்டாவில், ஆபீஸ் மூன்று கிலோமீட்டர் என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

பவர் பத்தும். டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழலி, அதனால்தான் இவ்வளவு சின்ன என்ஜினிலும் 137 குதிரைசக்தி. ஊரில் நீ ஓட்டிய நெக்ஸானும் 1.2 லிட்டர், மூணு சிலிண்டர், டர்போதானே? அதை வைத்துக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறியவன் நீ. ஆட்டவா டவுனில் அப்படி ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. 417 நெடுஞ்சாலையில் சேரும்போது கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். கலரும் ஸ்கிரீனும் உன் இஷ்டம்.

நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். வேலூரில் உன் வண்டி என்ஜின் என்றைக்காவது குளிர்ந்து கிடந்ததா? மார்கழியில்கூட ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடும். ஆட்டவாவில் ஜனவரியில் காலை ஆறு மணிக்குப் பல நாள் மைனஸ் 15, சில நாள் மைனஸ் 20க்கும் கீழே. அந்தக் குளிரில் ஸ்டார்ட் பண்ணி மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால், உள்ளே ஆயில் வெதுவெதுப்புக்குக்கூட வந்திருக்காது. சாயங்காலம் திரும்பவும் அதே கதை.

இந்தக் காலத்துச் சின்ன டர்போ என்ஜின் பெரும்பாலும் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும். சுவர் சில்லிட்டுக் கிடந்தால் பெட்ரோல் முழுதும் ஆவியாகாது. கொஞ்சம் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். குறுகிய தூரமே ஓடினால் சேர்ந்துகொண்டே போகும், ஆயில் நீர்த்துவிடும். டர்போவின் சுழலியோ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான். அதைத் தாங்குவது அந்த ஆயில் படலம்தான். 2018ல் சீனாவில் ஹோண்டா சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போவுக்கு இதே சிக்கல் வந்து, புது வண்டி விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். கனடாவிலும் அப்போது இதே பேச்சாக இருந்தது. ஹோண்டா நல்ல வண்டி இல்லை என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே குளிரும் குறுகிய ஓட்டமும் சேர்ந்தால் தலைவலி என்கிறேன்.

எங்கள் அப்பா காட்பாடி ஸ்டேஷனில் அம்பாசடர் டாக்சி வைத்திருந்தார், உனக்கு ஞாபகம் இருக்காது. கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலில் வரும் நோயாளிகளை சி.எம்.சி.க்குக் கொண்டுவந்து விடுவார். பேசிப் பேசியே வங்காளம் அவருக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் முதல் சவாரிக்கு முன்னால் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுவார். வேட்டி ஓரத்தில் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு உருவி, கோட்டைப் பார்ப்பார். அப்புறம் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். "ஆயில் நாறுதான்னு பாத்துக்கினே இருக்கணும்மா, வண்டி வாயத் தொறந்து சொல்லாது" என்பார். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்றைக்கு நானும் ஆட்டவாவில் பெட்ரோல் போடும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன். உனக்கும் சொல்கிறேன்: டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைந்தால் மட்டுமல்ல, ஏறினாலும் கவலைதான். ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் அன்றைக்கே ஆயிலை மாற்று. டேஷ்போர்டில் இன்னும் முப்பது சதவீதம் ஆயுள் இருக்கிறது என்று காட்டினாலும் கேட்காதே.

சரி, டர்போவே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டு. கம்பெனி சொன்ன அதே தர சிந்தெடிக் ஆயிலை ஊற்று. ஸ்டார்ட் பண்ணிவிட்டு வாசலிலேயே இருபது நிமிஷம் உறும விடாதே. நின்ற இடத்தில் ஓடினால் ஆயில் லேசில் சூடாகாது. கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டு மெதுவாக ஓட்டிப் போவதுதான் சூடேற்ற நல்ல வழி. இவ்வளவு கவனம் எடுப்பாய் என்றால் டிராக்ஸ் விலைக்கேற்ற நல்ல வண்டி. எடுக்க மாட்டாய் என்றால் டர்போ இல்லாத கொரோலா கிராஸையும் சுபாரு கிராஸ்ட்ரெக்கையும் ஓட்டிப் பார். கிராஸ்ட்ரெக்கில் ஆல் வீல் டிரைவ் எல்லா மாடலிலும் உண்டு.

ஆல் வீல் பற்றி உன்னைப் பயமுறுத்தியது யார் என்று தெரிகிறது. ஆல் வீல், அதாவது நாலு சக்கரத்தையும் என்ஜினே சுழற்றுவது, வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர். ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயர் ரப்பர் விறைத்துப் பிடிப்பு விட்டுவிடும். பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. வின்டர் டயர் வாங்கும்போது பக்கவாட்டில் மலைக்குள் பனிச்செதில் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. நாலும் மாற்ற வேண்டும், முன்னால் ரெண்டு மட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டினோவில், க்யூபெக் சட்டப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். நம் பக்கம் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, அதனால் நம் ஆட்கள் பலர் போடுவதில்லை. எனக்கு இதில் ஆத்திரமே வரும். முப்பதாயிரம் டாலரை வண்டிக்குக் கொடுப்பார்கள், அதை நிறுத்துகிற டயருக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுக்க மனசு வராது. அவசரப் பிரிவில் நைட் ஷிப்ட் பார்ப்பவள் நான். முதல் பனி விழுகிற ராத்திரி யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் வந்தபோது வண்டியே இல்லை. சி.எம்.சி.யில் நர்சிங் படித்துவிட்டு வந்தாலும் இங்கே நர்ஸ் லைசென்ஸ் கிடைக்கும்வரை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைதான். விடிவதற்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். கம்பளித் தொப்பிக்கு வெளியே தெரிகிற முடியில் மூச்சுக்காற்று உறைந்து வெள்ளையாக ஒட்டும். பஸ் வராது, அடுத்ததும் வராது. விரல் நுனி முதலில் வலிக்கும், அப்புறம் வலி நின்றுவிடும். வலி நின்றால்தான் ஆபத்து என்பது நர்சுக்குத் தெரியும், பஸ்ஸுக்குத் தெரியாது. ஒருநாள் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று காரை நிறுத்தி, "ஏறுங்கோ தங்கச்சி" என்று ஏற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த அண்ணன்தான் எனக்கு இங்கத்து வண்டி சமாச்சாரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். முதல் பழைய கார் வாங்கியபோது, "வின்டருக்கு முதல் ரயர் மாத்துங்கோ, கீழுக்கு எண்ணெய் அடியுங்கோ" என்றார். ரோட்டில் கொட்டுகிற உப்பு அடித்தட்டை அரித்துவிடும். வருஷா வருஷம் துருத் தடுப்பு எண்ணெய் அடித்ததால் அந்தக் கார் எனக்குப் பல வருஷம் உழைத்தது. ஜாக்கி வைத்து நானே டயர் மாற்றவும் கற்றுக்கொண்டேன். சத்துவாச்சாரியில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கக்கூடக் கடைக்குப் போனவள்தான். ஊர் தெரியாதவளுக்கு அவர்கள் செய்ததை மறக்க முடியாது. நம் இந்தியத் தமிழர்களில் சிலர் இலங்கைத் தமிழரோடு பழகாமல் ஒதுங்கி இருக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. குளிர்நாட்டில் எப்படிப் பிழைப்பது என்று நமக்கு முன்னால் பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அடுத்தது கடன். இதில்தான் புதிதாக வந்தவர்கள் மாட்டுகிறார்கள். ஷோரூமில் வண்டி விலையே பேச மாட்டார்கள். "ரெண்டு வாரத்துக்கு எவ்வளவு முடியும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீ கணக்குப் போட்டுப் பார். 30,000 டாலர் கடன், எட்டு சதவீத வட்டி, 84 மாதம். ரெண்டு வாரத்துக்குச் சுமார் 216 டாலர், கேட்கும்போது லேசாக இருக்கும். மொத்த வட்டி 9,300 டாலர் பக்கம். அதையே 60 மாதத்தில் கட்டினால் வட்டி 6,500. இன்னொன்று, ரெண்டு வாரத் தவணை வருஷத்துக்கு 24 இல்லை, 26. மாதத்துக்கு ரெண்டு என்று நினைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதே. விலைக்கு மேல் 13 சதவீத வரி வேறு.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போவார்கள். துருத் தடுப்பு எலெக்ட்ரானிக் பெட்டி, கண்ணாடியில் எண் பொறிப்பு, டயருக்கு நைட்ரஜன், கூடுதல் வாரண்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லு. ஒன்டாரியோவில் டீலர் விளம்பரத்தில் போட்ட விலையிலேயே அவர்களுடைய எல்லாக் கட்டணமும் அடங்க வேண்டும். வரியும் நம்பர் பிளேட் செலவும்தான் வெளியே. இது சட்டம், தைரியமாகக் கேள். அதே நேரம் இதையும் தெரிந்துகொள்: கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால் திருப்பிக் கொடுக்க அவகாசம் எதுவும் கிடையாது. என் வார்டில் வேலை செய்த மலையாளிப் பெண் அடுத்த நாள் காலையில் அழுதுகொண்டே போய் நின்றாள், ஒன்றும் நடக்கவில்லை.

டொரன்டோ பக்கம் நம் ஆட்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். வந்த வருஷமே பெரிய வண்டி, அதன்மேல் சாய்ந்து நின்று ஊருக்கு போட்டோ. தவணை கட்ட ரெண்டு வேலை பார்ப்பது அந்த போட்டோவில் தெரியாது. ஊரில் இருப்பவர்களும் வண்டியைப் பார்த்துத்தான் பையன் நன்றாக இருக்கிறான் என்கிறார்கள். உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன், அதைப் பற்றி நீ யோசிக்காதே.

லைசென்சும் இன்சூரன்சும் முடியாமல் ஷோரூம் பக்கமே போகாதே. இந்திய லைசென்ஸில் குடியேறி 60 நாள்தான் ஓட்டலாம். அப்புறம் ஒன்டாரியோ லைசென்ஸ் வேண்டும், இந்தியாவோடு நேர் மாற்று ஒப்பந்தம் இல்லை. எழுத்துத் தேர்வு எழுது. ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்துக்கு அதிகாரபூர்வக் கடிதம் காட்டினால், படிப்படியாகக் காத்திருக்காமல் நேராக முழு லைசென்ஸ் ரோடு டெஸ்டுக்குப் போகலாம். அந்தக் கடிதம் வேலூர் ஆர்டிஓவிலிருந்தோ ஆட்டவாவில் இருக்கும் இந்தியத் தூதரகத்திலிருந்தோ வர வேண்டும். இந்த வேலையை இப்போதே ஆரம்பி.

இன்சூரன்ஸ் இங்கே ஊரில் போல வருஷத்துக்கு ஒருமுறை கட்டிவிட்டு மறக்கிற தொகை இல்லை. புதிதாக வந்தவனுக்குச் சில சமயம் வண்டித் தவணைக்குச் சமமாகவே வரும். நீ இருக்கும் தபால் எண்ணை வைத்து விலை மாறும். டொரன்டோ பக்கத்துப் பிராம்ப்டனில் இருப்பவன் சொல்லும் தொகையைக் கேட்டுப் பயப்படாதே, ஆட்டவாவில் அவ்வளவு இல்லை. ஆனால் வண்டிக்கு வண்டியும் மாறும். திருடர்கள் விரும்புகிற மாடலுக்குக் கூடுதல். அதனால் பிடித்த ரெண்டு மூன்று வண்டிக்கும் முன்கூட்டியே விலை கேட்டு வாங்கு. வின்டர் டயர் போட்டால் தள்ளுபடி உண்டு. ஒன்டாரியோவில் 2016லிருந்து கம்பெனிகள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், கேட்டு வாங்கு.

மைலேஜ் கேட்டிருந்தாய். மூன்று கிலோமீட்டருக்கு எந்த மைலேஜும் வராது. வெயில்காலம் முழுக்க ஆபீசுக்கு நடந்து போ, சைக்கிளில் போ. வண்டியை அவசரப்பட்டு எடுக்காதே. இப்போது எடுத்தாலும் செப்டம்பர் வரை அது உன் பார்க்கிங்கில்தான் நிற்கும், தவணை மட்டும் ஓடும். நான் ஜூன் கடைசியில் திரும்பி வருகிறேன். அதற்குள் லைசென்ஸ் கடிதத்தையும் மூன்று இன்சூரன்ஸ் விலையையும் வாங்கி வை. டீலர் என்ன காகிதம் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஒரு சனிக்கிழமை நானும் உன்கூட ஷோரூமுக்கு வருகிறேன்.