பழைய ஆங்கிலக் கவிதைகளை அகராதி வைத்துப் படித்தும் ரசிக்க முடியவில்லையே, எப்படித்தான் படிப்பது?

அகராதியில் பொருள் கிடைக்கும். ஆனால் இந்தக் கவிதைகளில் பாதி விஷயம் ஓசையிலும் சொல் நிற்கும் வரிசையிலும்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 73ஆவது சானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சானெட் என்றால் 14 வரிக் கவிதை; இது 1609இல் அச்சானது. வயதாகிவரும் ஒருவர் தன் அன்புக்குரியவரிடம் பேசுவதாக அமைந்தது.

முதல் தடவை பொருளை மறந்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். வரிக்கு 10 சிலபிள் (ஒரே மூச்சில் ஒலிக்கும் சொல்துண்டு), அதில் 5 இடத்தில் குரல் அழுத்தம். 'தட் டைம் ஆஃப் இயர் தௌ மேஸ்ட் இன் மீ பிஹோல்ட்': டைம், இயர், மேஸ்ட், மீ, ஹோல்ட் வரும்போது மேசையைத் தட்டுங்கள். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். நமக்குக் குறில், நெடில் கணக்கு பழக்கம். அங்கே அழுத்தம்தான் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே எடையில் சொன்னால் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது வரியில் மரத்தில் தொங்குபவை 'எல்லோ லீவ்ஸ், ஆர் நன், ஆர் ஃபியூ'. மஞ்சள் இலை, பிறகு சில, பிறகு ஒன்றுமில்லை என்பதுதானே முறை? இவர் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு, 'இல்லையில்லை, ஒரு சில இருக்கு' என்று திரும்புகிறார். வயதாவதை ஒப்புக்கொள்ள மனம் வராத ஒருவரின் பேச்சு அது. அந்தக் காற்புள்ளிகளில் நிற்காமல் ஓடினால் இது கையில் சிக்காது.

நான்காம் வரியில் அந்தக் கிளைகளுக்குப் பெயர் 'பேர் ரூயின்ட் கொயர்ஸ்', அதாவது மொட்டையாய் இடிந்துபோன கொயர்கள். கொயர் என்றதும் பாட்டுக்குழு என்று எழுதி வைத்துக்கொள்வோம். தேவாலயத்தில் பாடுபவர்கள் அமரும் பகுதிக்கும் அதே பெயர்தான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் கிறிஸ்தவ மடங்களைக் கலைத்ததில் பல கட்டடங்கள் கூரை போய் நின்றன. பறவை போன மொட்டைக் கிளையும் பாட்டு நின்றுபோன கல்வளைவும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. (1609 பதிப்பில் 'ரூயின்ட்' எழுத்துப் பிழையோடு சிதைந்தே அச்சாகியிருக்கிறது!)

அடுத்து, முதுமைக்கு அவர் சொல்லும் உவமைகளின் கால அளவைப் பாருங்கள். முதல் நான்கு வரியில் ஒரு பருவம், அடுத்த நான்கில் ஓர் அந்திப்பொழுது, மூன்றாவதில் தன் சாம்பல்மேலேயே கிடக்கும் நெருப்பு. வசந்தம் திரும்பும், விடியலும் வரும். அணைந்த நெருப்பு திரும்பாது.

கடைசி இரண்டு வரியை உரைநூல் பார்த்து 'இழக்கப்போகிறாய்' என்று பெயர்க்காதீர்கள். அங்கே இருப்பது 'லீவ்', விட்டுப் போவது. இரண்டாம் வரியில் தொங்கிய 'லீவ்ஸ்' காதில் இன்னும் இருந்தால், அந்த ஓசை திரும்ப வருவது உங்களுக்கே கேட்கும்.