பட்டதாரிகளின் தொழில் சாதனை, சொந்த வாழ்க்கைச் சாதனை: இரண்டில் நீங்கள் பெரிதாக மதிப்பது எது? யாரை உதாரணமாகச் சொல்வீர்கள்?

ஏ. லலிதாவைச் சொல்வேன். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து, 1943-ல் படிப்பை முடித்தவர். இந்தியாவில் பொறியியல் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு, நீங்கள் கேட்டதுபோல இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நானும் மின் பொறியியல்தான். சப்ஸ்டேஷன், அதாவது துணை மின்நிலையம், வடிவமைப்பது என் வேலை. கல்லூரியில் நான்கு வருடம் படித்தபோது அவர் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘முதல் பெண்’ என்ற ஒற்றை வரியோடு அவரை முடித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

லலிதா 1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். இருபது வயதுக்குள் ஒரு பெண் குழந்தை; அது நான்கு மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். அன்றைக்கு ஒரு விதவைக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். அவர் மறுபடி படிக்கப் போனார். ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார்.

அதற்கடுத்து அவர் எடுத்த முடிவைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சென்னையில் பெண்கள் மருத்துவம் படிப்பது அப்போது புதிதில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே படித்து முடித்திருந்தார். லலிதாவும் அந்த வழியில் போயிருக்கலாம். ஆனால் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் ஓட வேண்டிய தொழில் அது, குழந்தையை விட்டுவிட்டு அப்படிப் போக அவருக்கு மனமில்லை. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலையாக வேண்டும் என்று யோசித்துத்தான் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பெண்கூட இல்லாத துறைக்குள் அவர் நுழையக் காரணமே அந்தக் குழந்தைதான்! தொழில் வேறு, சொந்த வாழ்க்கை வேறு என்று இங்கே எந்த இடத்தில் கோடு போடுவது?

லலிதாவின் அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியிலேயே மின் பொறியியல் பேராசிரியர். அவர் பேசினார், முதல்வர் கே.சி. சாக்கோ சம்மதித்தார். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரி 1940-ல்தான் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. விடுதியில் லலிதா தனியாக இருந்தார், குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. பிறகு பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்று இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுத வேண்டும்.

அச்சடித்த சான்றிதழில் ‘அவன்’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் திருத்திக் கொடுத்தார்கள் என்ற செய்தியை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய முப்பத்துச் சொச்சம் வருடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி. பிறகு 1944-ல் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை. சிம்லாவுக்குப் போனதற்கும் காரணம் உண்டு: சகோதரர் குடும்பம் அங்கே இருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. நடுவில் கொஞ்ச காலம் அப்பாவின் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தார். வருமானம் போதவில்லை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். 1977-ல் ஓய்வு பெறும்வரை, நிறுவனம் கைமாறிய பிறகும், அங்கேயே இருந்தார்.

அங்கே அவர் செய்த வேலைகளைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் மின்பாதைகளை வடிவமைப்பது, பாதுகாப்புக் கருவிகளில் வரும் சிக்கலைத் தீர்ப்பது, சப்ஸ்டேஷன் லேஅவுட் போடுவது. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர்களிலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். இதே வேலையை நான் கணினியில் செய்கிறேன், ஒரு கோடு தப்பினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். அவர் காலத்தில் எல்லாம் டிராயிங் போர்டும், கையால் நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலும்தான்.

லண்டன் மின் பொறியாளர் கழகம் 1953-ல் அவரை இணை உறுப்பினராகவும் 1966-ல் முழு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்குப் போனார். 1967-ல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மாநாடு நடந்தபோது அதற்கு இந்தியப் பிரதிநிதியாக வேலை செய்தார். ஓய்வு பெற்று இரண்டே வருடம், 1979-ல் அறுபதாவது வயதில் காலமானார்.

என் கதையைச் சொன்னால்தான் இதெல்லாம் ஏன் என்னை இப்படித் தொடுகிறது என்று புரியும். மகள் பிறந்து இரண்டரை வருடம் வேலையை விட்டிருந்தேன். திரும்பிப் போன முதல் நேர்காணலில் ரிலே செட்டிங் (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் கருவியைச் சரியாக அமைப்பது) பற்றி ஒரு கேள்விகூட இல்லை. “குழந்தையை யாரும்மா பார்த்துப்பாங்க?” என்று மட்டும் மூன்று விதமாகக் கேட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து என் பெரியம்மா வந்து மூன்று வருடம் எங்களோடு தங்கினார். அவர் வராவிட்டால் நான் இன்று இந்தத் துறையிலேயே இருந்திருக்க மாட்டேன்.

போன வருடம் முன்னாள் மாணவர் மலருக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் அனுப்பினார்கள். பதவி, நிறுவனம், விருதுகள் என்று கட்டங்கள். விருதுகள் கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. அதில் பெரியம்மாவின் பெயரையும், அவர் எங்களோடு இருந்த மூன்று வருடங்களையும் எழுதி அனுப்பினேன். மலரில் அப்படியே போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவருக்கே கொடுத்துவிட்டேன்.