குறை என்று எதைச் சொல்கிறோம்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் இரவு இரண்டு மணிவரை செல்போனும் கையுமாக இருக்கிறான். செல்போனுக்கு அடிமையாவதற்குச் சிறு வயதில் வீட்டில் நேர்ந்தவைதாம் காரணம் என்கிறார்களே! நாங்கள் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே? – ஒரு தாய், திருச்சி.

பதில்: 'ஒரு குறையும் வைக்கவில்லை' என்ற இடத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. நம் வீடுகளில் குறை என்றால் சாப்பாடு, துணிமணி, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றில் வைப்பதுதான். பிள்ளை ஏதோ சொல்ல ஓடிவந்தபோது நிமிர்ந்து பாராமல் 'உம்' கொட்டியது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்களுக்கு முகத்தில் சலனமே காட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்தத் தாய் அடிக்கவுமில்லை, பட்டினி போடவுமில்லை. செல்போனோ தொட்டவுடன் பதில் தருகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிறு வயதில் அடி, வசவு, பெற்றோரின் குடிப்பழக்கம் போன்றவற்றை அதிகம் சந்தித்தவர்களிடம் பிற்காலத்தில் குடியும் புகையும் அதிகம் என்று அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் அண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இளைஞர்களின் கட்டுமீறிய செல்போன் பழக்கத்திலும் இதே தொடர்பு தென்படுகிறது. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே முறை வினாத்தாள் கொடுத்துத் திரட்டியவை. தொடர்பைக் காட்டுமேயன்றி, இதனால்தான் அது என்று நிறுவமாட்டா. வளர்ப்பு சரியில்லை என்று உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இவை போதா. இப்படிப்பட்ட கேள்விகளைத் தாய்மார்களே எழுதுகிறார்கள், தந்தையர் எழுதுவதேயில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

'அடிமை' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப்பட்டியலில், வீடியோ கேம் ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் 'விளையாட்டுக் கோளாறு' உண்டு. செல்போன் அடிமைத்தனம் என்றொரு நோய் இல்லை. தூக்கமும் படிப்பும் குலைந்திருந்தால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

இரவு இரண்டு மணிக்கு அவன் எதைப் பார்க்கிறான், யாரோடு பேசுகிறான் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. கண்டிக்கும் குரலில் அல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலோடு அவனிடமே கேளுங்கள். அவன் வாய் திறக்கும்போது உங்கள் செல்போனும் அவன் தந்தையின் செல்போனும் அடுத்த அறையில் இருக்கட்டும்.