வெளிநாட்டில் வாழும் நான் மட்டக்களப்பில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவ விரும்புகிறேன். சிறுவர் இல்லத்துக்குப் பணம் அனுப்புவதா, குடும்பத்துக்கு நேரடியாக அனுப்புவதா?

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழிகளையும் விட்டு, மூன்றாவது ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய உள்ளூர் அமைப்பில் பல வருடங்களாக வேலை செய்பவள் என்ற வகையில் எனது கருத்து இதுதான்: பிள்ளை தாயோடோ அம்மம்மாவோடோ தன் வீட்டிலேயே வளர்வதற்காக அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து சென்று பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தரின் சம்பளத்துக்கும் பஸ் காசுக்கும் பணம் கொடுங்கள். இது கவர்ச்சியற்ற யோசனை என்பதும், சம்பளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பல நன்கொடையாளர்களின் முகம் மாறும் என்பதும் எனக்குத் தெரியும்.

சிறுவர் இல்லங்களை நான் குறைத்துப் பேசவில்லை. போர்க்காலத்திலும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி கல்லடி, நாவலடி முதல் மருதமுனை, கல்முனை, திருக்கோவில் வரையான கரையோரத்தை அழித்த பின்னரும் அவை பல பிள்ளைகளைத் தாங்கின. நாட்டிலேயே அதிகமான உயிர்களை அன்று இழந்தது, மருதமுனை, கல்முனை, திருக்கோவில் ஆகியவை அடங்கிய அம்பாறை மாவட்டம்தான். வீட்டில் பாதுகாப்பில்லாத காரணத்தால் நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாக, நீதிமன்றக் கட்டளையுடன் ஒப்படைக்கப்படும் பிள்ளைக்கு இன்றும் ஓர் இல்லம் வேண்டும். ஆனால் இலங்கையின் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். தகப்பன் விட்டுப்போய்விட்டார், தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குச் சென்றுவிட்டார், அல்லது மூன்று நேரச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்பன போன்ற காரணங்களே அவர்களை அங்கு கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பிள்ளை அங்கிருந்தாலாவது படிக்கும் என்று தாய் நினைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. அவளுக்கு வேறு தெரிவு கொடுக்கப்படவில்லை என்பதுதான் பிரச்சினை. கட்டடமும் கட்டில்களும் நன்கொடையில் வந்து சேர்ந்த பின்னர், அவற்றை நிரப்புவதற்காகக் கிராமங்களில் பிள்ளைகளைத் தேடிய இடங்களையும் நான் கண்டிருக்கிறேன்.

குடும்பத்துக்கு நேரடியாக அனுப்பும் பணம் சில வேளைகளில் நன்றாக உதவும். எனினும் அது எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் விட்டுச்சென்ற ஒரு தாய்க்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் அன்பர் மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தார். அந்தத் தாய் மூன்று நுண்கடன் நிறுவனங்களில் குழுக் கடன் எடுத்திருந்தார். ஒருவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால், கிழமைக் கட்டு நாளில் கடன் வசூலிப்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும்போது அயலவர்களும் அந்தத் தாய்க்கு எதிராக நிற்பார்கள். அனுப்பிய பணம் அப்படியே அங்கு போனது. மூத்த மகளோ வேறு ஊரிலிருந்து வரும்போது பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை எடுக்காமல் வந்ததால் எந்தப் பாடசாலையிலும் சேராமல் வீட்டிலேயே இருந்தாள். இளையவனுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை.

எங்கள் உத்தியோகத்தர் முதலில் செய்தது, ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் அந்தத் தாயின் கடன்கள் எல்லாவற்றையும் நிறுவனம், மீதி, கட்டு நாள் என்று பிரித்து எழுதியதுதான். அதுவரை மொத்தக் கடன் எவ்வளவு என்பது அந்தத் தாய்க்கே தெரிந்திருக்கவில்லை. பிறந்து மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் பிறப்பைக் காலங்கடந்த பதிவாகவே செய்ய வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதமும், பிள்ளை எங்கே, எப்போது பிறந்தது என்பதற்கான சான்றும் தேவைப்பட்டன. குடும்பநல உத்தியோகத்தரின் பழைய பதிவேட்டில் அந்தத் திகதி இருந்தது. விடுகைப் பத்திரத்துக்காகப் பழைய ஊருக்குப் போய் வந்தார்கள். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். ஆனாலும் அதிபரிடம் அதை மரியாதையாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் செலவானது பஸ் காசு, போட்டோப் பிரதி, ஓர் ஊழியரின் நேரம் ஆகியவை மட்டுமே. கடன் இன்னும் முழுதாக முடியவில்லை, ஆனால் புதிய கடன் எடுப்பது நின்றிருக்கிறது. (வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவித்தது. அதற்குப் பின்னரும் வேறு பெயர்களில் அதே கட்டு நாட்கள் வந்துவிட்டன.)

அரசிடம் ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பிரதேச செயலகத்திலேயே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். வறிய குடும்பங்களுக்கான அரசின் அஸ்வெசும கொடுப்பனவு 2023 முதல் நடைமுறையில் உள்ளது. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். ஆனால் ஒரு நாட் கூலியை விட்டுவிட்டு, ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்றே தெரியாமல் வரும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சேவைகள் இருந்தும் இல்லாதவையே. அந்த இடைவெளியில் நிற்பதுதான் எங்களைப் போன்ற அமைப்புகளின் வேலை. 1990களில் மட்டக்களப்பில் வேலையைத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இன்றும் இங்கேயே இருக்கிறது; 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக அழைத்து, போரில் கண்டவற்றைச் சித்திரத்திலும் கதையிலும் விளையாட்டிலும் ஆற்றிக்கொள்ள வழிசெய்தது. இத்தகைய வேலைக்கு ஆண்டுகள் பிடிக்கும். கடற்கோளுக்குப் பின்னர் வந்த பல நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் மட்டும் இன்னும் கரையோர வீதிகளில் துருப்பிடித்து நிற்பதற்குக் காரணம், அவர்களிடம் பணம் இருந்தது, ஆண்டுகள் இருக்கவில்லை என்பதே.

பணம் அனுப்பும் முன் அமைப்பின் பதிவைக் கேளுங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்வதற்கான 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ பிரதேச செயலகத்திலோ பதிவு இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஓர் உத்தியோகத்தர் எத்தனை குடும்பங்களைப் பார்க்கிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகிறார், எந்தக் குடும்பம் இனி உங்கள் உதவி தேவையில்லை என்று விலகிக்கொண்டது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத அமைப்பைப் பற்றி நான் யோசிப்பேன். புத்தகப் பையைக் கையில் கொடுத்துப் பிள்ளையின் முகம் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்காமலே அனுப்பும் அமைப்பு அந்தப் பிள்ளையின் மற்ற விபரங்களையும் பாதுகாக்காது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தை முகநூலில் பார்ப்பார்கள் என்பதை இங்கிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

காலத்தையும் சற்றுக் கவனியுங்கள். மார்கழி, தை மாதங்களில் வெள்ள நிவாரணப் பொதியும் அப்பியாசக் கொப்பியும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து குவியும். சில வீடுகளில் ஒரே அளவுப் பைகள் மூன்று இருக்கும். பெரும்போக வயல் வேலை முடிந்து கூலி குறைந்த பின்னர், வருட நடுவில்தான் பிள்ளைகள் பாடசாலையை விட்டு நழுவுவதை நாங்கள் அதிகம் காண்கிறோம், அப்போதுதான் எங்கள் கையிலும் காசு இருப்பதில்லை. ஒரே தடவையில் பெருந்தொகை அனுப்புவதை விட, சிறிய தொகையாக இருந்தாலும் ஆனி, ஆடி மாதங்களிலும் தவறாமல் வரும்படி வங்கியில் நிரந்தரக் கட்டளை கொடுத்துவிடுங்கள், அதை நம்பி நாங்கள் ஓர் உத்தியோகத்தருக்கு ஒரு வருட நியமனக் கடிதம் கொடுக்க முடியும்.