பூங்காவில் ஒரு பகல், அதன்பின் இரவு உணவு: கேள்வி பதில்

குடும்பத்துடன் கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாளைக் கழித்துவிட்டு, வெளியே இரவு உணவை முடித்துக்கொண்டு வீடு திரும்புவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ராட்டினங்களையும் ரோலர் கோஸ்டர்களையும் இயக்கும் பணியில் பல்லாண்டுகள் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஆறு பேர் போகிறோம். வரிசையில் நின்றே பொழுது போய்விடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

வாயில் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பாகவே வந்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் முதல் சவாரியில்தான் பெரும்பாலோர் நிற்பார்கள். நீங்கள் அதைக் கடந்து பூங்காவின் கடைக்கோடிக்குச் செல்லுங்கள். வரிசையின் நீளத்தைக் கண்டு மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ரோலர் கோஸ்டரின் தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதிக்குள் ஒரு வண்டித்தொடர் இருக்கும்போது அடுத்தது அதற்குள் நுழைய முடியாது. ஆகவே, எத்தனை வண்டித்தொடர்கள் ஓடுகின்றன என்பதே உங்கள் காத்திருப்பைத் தீர்மானிக்கிறது. ஒன்று புறப்பட்டு அடுத்தது புறப்படும் வரையுள்ள நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 24 பேர் அமரும் வண்டித்தொடர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் 720 பேர் போவார்கள். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். காத்திருக்கும் அலுப்பும் குறையும்.

கேள்வி: என் மகனின் உயரம் 118 சென்டிமீட்டர். குறைந்தது 120 வேண்டும் என்கிறார்கள். நான் அருகிலேயே அமர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டால் போதாதா?

போதாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நான் பணியில் இருந்த காலமெல்லாம் என்னை மிகவும் அஞ்ச வைத்தது இதுதான். உயரக் கோடு குழந்தையின் துணிச்சலை அளப்பதற்காக வரையப்பட்டது அன்று. தொடையின் பருமன், இடுப்பிலிருந்து முழங்கால் வரையுள்ள நீளம், தோள் எட்டும் இடம் ஆகியவற்றை வாசலில் நின்று தனித்தனியே அளக்க இயலாது என்பதால், அவை அனைத்துக்கும் பதிலாக உயரம் என்ற ஒரே அளவு வைக்கப்பட்டிருக்கிறது.

ஒருமுறை ஒரு தந்தை, மகனின் காலணிக்குள் துணியை மடித்து வைத்து, கோட்டைத் தாண்டச் செய்து அழைத்து வந்துவிட்டார். இருவரின் மடிமேலும் சேர்ந்து இறங்கிப் பிடித்துக்கொள்ளும் ஒரே தடுப்புக் கம்பி உள்ள வண்டி அது. கம்பியை அழுத்தினேன், அது தந்தையின் வயிற்றில் முட்டி நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த சிறுவனின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே என் கைமுட்டி தாராளமாக நுழைந்தது. மேட்டின் உச்சியில் உடல் இருக்கையை விட்டு எழும்பும் கணத்தில், அந்த இடைவெளி வழியாகத்தான் குழந்தை நழுவும். உங்கள் கைப்பிடி அந்த வேகத்தில் நிற்காது. எந்தப் பெற்றோரின் கையும் நிற்காது. அன்று வண்டியை நிறுத்தி இருவரையும் இறக்கிவிட்டேன். சிறுவன் அழுதான், தந்தை என்னைத் திட்டினார். இன்று நினைத்தாலும் செய்தது சரி என்றே படுகிறது.

இயன்றால் வீட்டிலேயே, காலணியுடன், சுவரில் அளந்துவிட்டுக் கிளம்புங்கள். எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்த குழந்தை வாசலில் ஏமாற்றம் அடையாது.

கேள்வி: எனக்கு எட்டு வயது. தலைகீழாகச் சுற்றும்போது வண்டி கீழே விழுந்துவிடாதா?

விழாது, தம்பி. வண்டிக்குத் தடத்தின் மேலே ஓடும் சக்கரங்கள், பக்கவாட்டில் பற்றும் சக்கரங்கள், தடத்துக்கு அடியில் பற்றும் சக்கரங்கள் என மூன்று வகை உண்டு. அடியில் பற்றும் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1919இல் காப்புரிமை பெற்றார். இன்னொன்றையும் கவனித்துப் பார். அந்த வளையம் முழு வட்டமாக இல்லாமல் நீர்த்துளி போல இருக்கும். 1895இல் அமெரிக்காவின் கோனி தீவில் முழு வட்டமாக ஒன்றைக் கட்டினார்கள். வட்டத்துக்குள் நுழைந்த கணமே உடல் பலமாக அழுத்தப்பட்டதால், ஏறியவர்களுக்குக் கழுத்து வலித்தது. 1976இல் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் நீர்த்துளி வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: அம்மாவுக்கு அறுபது வயது, உடல்நலக் குறை எதுவும் இல்லை. மிதமான கோஸ்டரில் ஏற ஆசைப்படுகிறார்கள். முன்வரிசையா, கடைசி வரிசையா?

இரண்டும் வேண்டாம், நடுவில் அமர வையுங்கள். கடைசி வரிசைதான் மிகவும் உலுக்கும். முதல் இறக்கத்தில் முன்வண்டி உச்சியைத் தாண்டும்போது, பின்னால் உள்ள வண்டிகளின் எடை அதை இழுத்துப் பிடித்திருக்கும். கடைசி வண்டி உச்சிக்கு வரும்போது முன்பாதி ஏற்கெனவே சரிந்து வேகம் பிடித்திருப்பதால், அது உச்சியிலிருந்து சுண்டி இழுக்கப்படும்.

கேள்வி: இதை ஏற்க மாட்டேன், ஐயா. முன்வரிசையில் அமர்ந்தபோதுதான் எனக்கு உயிரே போய்விட்டது.

நீங்கள் சொல்வது பொய்யன்று. முன்னால் மறைப்பு ஏதும் இல்லை. காற்று முகத்தில் அறைகிறது. தடம் காலடியில் மறைவதைக் கண் பார்க்கிறது. அது கண்ணுக்கு வரும் அச்சம். நான் சொன்னது உடலின் மேல் விழும் விசையை.

கேள்வி: விசை என்றே வைத்துக்கொள்வோம். முதல் இறக்கத்துக்குத்தான் உங்கள் விளக்கம் பொருந்துகிறது. முதல் மேட்டில் வண்டித்தொடரை மேலே ஏற்றும் சங்கிலி அடுத்தடுத்த மேடுகளில் இழுப்பதில்லையே? அங்கே முன்வண்டியும் கடைசி வண்டியும் ஒரே வேகத்தில்தானே உச்சியைக் கடக்கும்?

மிகச் சரியான திருத்தம், நன்றி. சமச்சீரான மேட்டில், வண்டித்தொடரின் நடுப்பகுதி உச்சியில் இருக்கும்போதுதான் மொத்த வேகமும் மிகக் குறைவாக இருக்கும். அதனால் உச்சியை மெதுவாகக் கடப்பது நடுவண்டி. முன்வண்டியும் கடைசி வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கடக்கும். கடைசி வரிசைக்குத் தனிச்சிறப்பு முதல் இறக்கத்தில் மட்டுமே என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் பள்ளத்தில் நடுவண்டிதானே அதிக வேகத்தில் இருக்கும்? அந்த அம்மாவை நடுவில் அமர வைப்பது எப்படிச் சரியாகும்?

ஆம், பள்ளத்தின் அடியை மிக வேகமாகக் கடப்பது நடுவண்டியே; அங்கே இருக்கையில் அழுத்தப்படுவது சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் முதுகை நன்றாகச் சாய்த்து, தலையை இருக்கையோடு ஒட்டி வைத்திருப்பவருக்கு, கீழ்நோக்கிய அழுத்தத்தைவிட உச்சியில் தூக்கியெறியப்படும் உணர்வே அதிகத் தொல்லை தருவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே நடுவரிசை என்ற அறிவுரையை மாற்றவில்லை. இந்த விவாதத்தில் இன்னும் ஏழு கடிதங்கள் வந்திருக்கின்றன. உணவைப் பற்றிக் கேட்டவர்கள் காத்திருப்பதால் இதை இங்கே நிறுத்துகிறேன்.

கேள்வி: என் மகள் 138 சென்டிமீட்டர், தேவை 140. தடித்த அடி வைத்த செருப்பு அணிந்தால்?

மேலே சொன்னதே பதில். அடி தடிக்கலாம், தொடை தடிக்காது.

கேள்வி: பிள்ளைகளுக்கு ராட்டினம் சுற்றினால் குமட்டுகிறது. என்ன செய்வது?

காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் பொருந்தாதபோது குமட்டல் வருகிறது. ஏறத்தாழ 2 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கு இது அதிகம். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டத்தால் நிரம்பிய வயிறும் வேண்டாம். ஒரே இடத்தில் சுற்றும் சவாரிகளை அடுத்தடுத்து ஏறாமல், நடுவே அரை மணி நேரமாவது நிழலில் உட்கார வையுங்கள். மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எதில் ஏறலாம்?

இதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. மருத்துவர் எழுத்தில் ஒப்புதல் தராமல் எதிலும் ஏறாதீர்கள்.

கேள்வி: அலைக்குளத்தில் காவலர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கரையில் அமர்ந்து ஓய்வெடுக்கலாம் அல்லவா?

கூடாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது; கையசைத்து அழைக்கவும் அதனால் முடியாது. நீச்சல் தெரியாத சிறு குழந்தையிடமிருந்து கைநீட்டும் தொலைவைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: 119 சென்டிமீட்டர் இருந்தால்…

இல்லை.

கேள்வி: கடைசி நிமிடம் வரை விளையாடிவிட்டுச் சாப்பிடப் போகலாமா? போன முறை உணவகத்தில் குழந்தைகள் அழுது தீர்த்துவிட்டார்கள்.

அழுதது பசியால் மட்டும் இருக்காது. பகல் முழுவதும் வெயிலில் நடந்த குழந்தைக்குத் தாகமும் தூக்கமும் ஒன்றாக வந்து சேரும். அதோடு ஈர உடையும் இருந்தால் அழாமல் என்ன செய்யும்? பூங்கா மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். மூடிய பிறகு வாகன நிறுத்தத்திலும் பக்கத்து உணவகங்களிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் குவிவார்கள். நீர் விளையாட்டைக் கடைசிக்கு வைக்காமல் நடுப்பகலில் முடித்துவிடுங்கள். உலர்ந்த மாற்றுடையையும் காலுறையையும் தனிப்பையில் வண்டியிலேயே வைத்திருங்கள். போகும் வழியில் தண்ணீரும் சிறிது பழமும் கொடுத்தால், உணவு வரும் வரை பொறுத்திருப்பார்கள். மேசையை முன்பதிவு செய்யும்போது, பூங்காவிலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தோடு இன்னும் அரை மணி சேர்த்துச் சொல்லுங்கள். காலணியைத் தேடவும் கழிப்பறைக்குப் போகவும் அந்த நேரம் கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி: சாப்பிடும் முன்பே கடைக்குட்டி தூங்கிவிட்டால் எழுப்புவதா?

எழுப்பாதீர்கள். சுவரோரம் உள்ள மேசையைக் கேட்டு வாங்கி, மடியிலேயே தூங்க விடுங்கள். தானாக விழித்தால் ஊட்டுங்கள். இல்லையேல் அவள் பங்கைக் கட்டித் தரச் சொல்லி எடுத்துச் செல்லுங்கள்.